ஐந்து பேர், மூன்று விதமான உள்தள்ளல்

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் ஹட்டன், கொட்டகலை, மஸ்கெலியா பக்கங்களைச் சேர்ந்த ஐந்து நண்பர்கள். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்தபோது பழகியவர்கள். தோட்டத் தொழிலாளர் ஒருவர் அன்றாடம் எத்தனை கிலோ கொழுந்து பறித்தார் என்பதைக் கைபேசியில் பதிந்து, மாத முடிவில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான திறந்த மூல மென்பொருள் ஒன்றை இரண்டு ஆண்டுகளாக எழுதிவருகிறோம். சேவையகப் பகுதி பைதன் மொழியில், கைபேசிப் பகுதி ஜாவாஸ்கிரிப்ட் மொழியில். நிரல் வரியை உள்ளே தள்ளித் தொடங்கும் இடைவெளிக்கு, அதாவது உள்தள்ளலுக்கு, எங்களில் ஒருவன் டேப் வைக்கிறான், ஒருவன் இரண்டு ஸ்பேஸ், மற்றவர்கள் நான்கு. எங்களில் நன்றாக எழுதத் தெரிந்த நண்பன் இரவில் உட்கார்ந்து மற்றவர்களின் கோப்புகளைத் தன் முறைக்கு மாற்றிவிடுகிறான். காலையில் சண்டை. சென்ற மாதம் பதுளையிலிருந்து ஒரு தங்கை முதல் தடவையாக 41 வரி எழுதி அனுப்பினார். நாங்கள் அதற்கு 19 குறிப்புகள் எழுதினோம். எல்லாம் இடைவெளி, மேற்கோள்குறி, அடைப்புக்குறி பற்றியவை. அதன் பிறகு அவர் வரவில்லை. எது சரியான முறை? சண்டை இல்லாமல் எப்படி ஒத்துப்போவது?
ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை அந்த 19 என்ற எண்ணிலேயே நின்றுவிட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில்.

எது சரியான முறை என்று கேட்கிறீர்கள். அப்படி ஒன்று கிடையாது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரலுக்கு எழுதுபவர்கள் டேப் வைக்கிறார்கள், அதுவும் எட்டு எழுத்து அகலத்துக்கு. மூன்று படிக்கு மேல் உள்ளே போக வேண்டி வந்தால் நிரலையே திருத்தி எழுது என்று அவர்களுடைய வழிகாட்டி கறாராகச் சொல்கிறது. பைதன் மொழிக்கு, அதை உருவாக்கிய கீடோ வான் ரோசமும் அவருடைய கூட்டாளிகளும் 2001இல் எழுதிவைத்த பெப் 8 என்ற வழிகாட்டி நான்கு ஸ்பேஸ் என்கிறது. கூகுள் நிறுவனத்தின் சி பிளஸ் பிளஸ் வழிகாட்டி இரண்டு ஸ்பேஸ் என்கிறது. கோ என்ற நிரல் மொழிக்காரர்கள் டேப். உலகம் தினமும் நம்பி ஓட்டுகிற மென்பொருள் நான்கு தரப்பிலும் இருக்கிறது. உங்கள் ஐவரில் யார் எந்தப் பக்கம் நின்றாலும் சாட்சிக்கு ஒரு பெரியவர் கிடைப்பார். இரண்டு ஆண்டு வாதாடியும் நீங்கள் ஒரு முடிவுக்கு வராததற்குக் காரணம் அதுதான். இது வாதத்தால் தீருகிற வழக்கே கிடையாது.

ஆனால் ஒரே முறை இருந்தாக வேண்டுமா என்று கேட்டால், கட்டாயம் வேண்டும். நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹட்டன் என்றும் எழுதுகிறோம், அட்டன் என்றும் எழுதுகிறோம். நுவரெலியா, நுவரேலியா. தலவாக்கலை, தலவாக்கொல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் ஒரே செய்தியின் முதல் பத்தியில் ஹட்டனும் மூன்றாம் பத்தியில் அட்டனும் வந்தால், மட்டக்களப்பில் உட்கார்ந்து படிப்பவர் இரண்டு ஊர் என்று நினைத்துக்கொள்வார். பழைய செய்திகளில் தேடிப் பார்க்கிற மாணவருக்குப் பாதிதான் கிடைக்கும். நிரலிலும் இதே கதைதான். இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்:

மொத்தம்=நிறை*விலை
மொத்தம் = நிறை * விலை

பைதன் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும். இரண்டு வரிகளையும் ஒன்றாகவே படிக்கும், விடையும் ஒன்றுதான். ஆனால் மொத்தம் எங்கெல்லாம் கணக்கிடப்படுகிறது என்று பார்க்க, சமக்குறிக்கு முன்னே இடைவெளி விட்டுத் தேடுகிற உங்களுக்கு முதல் வரி அகப்படாது. கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவிக்கும் இவை இரண்டு வெவ்வேறு வரிகள். உங்கள் நண்பர் இரவில் ஒரு கோப்பைத் தன் முறைக்கு மாற்றினால், காலையில் நீக்கியதாக முந்நூறு வரி சிவப்பாகவும் சேர்த்ததாக முந்நூறு வரி பச்சையாகவும் எழுந்து நிற்கும். அவற்றுக்கு நடுவே உண்மையிலேயே கணக்கை மாற்றிய ஒரு வரி இருந்தால் யார் கண்ணில் படும்?

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கொழும்பில் என் முதல் வேலை, சம்பளம் கணக்கிடும் ஒரு மென்பொருளில். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஒழுங்குபடுத்தல் என்ற தலைப்போடு ஏறத்தாழ 1,400 வரி மாற்றம் என் பார்வைக்கு வந்தது. எல்லாம் இடைவெளி மாற்றம்தான் என்று நம்பி, விரலால் உருட்டிக்கொண்டே போய் ஒப்புதல் கொடுத்துவிட்டேன். எழுதியவர் போகிற போக்கில் ஓர் இடத்தைத் திருத்தியிருந்தார். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 சதவீதமும் முதலாளியிடமிருந்து 12 சதவீதமும் எடுக்க வேண்டும் அல்லவா? அந்தச் சதவீதங்கள் சரியாகவே இருந்தன. எந்தத் தொகையின் மீது அவற்றைக் கணக்கிடுவது என்ற வரியில் விடுமுறைச் சம்பளம் விடுபட்டுப் போயிருந்தது. கணினி ஒரு முனகலும் இல்லாமல் இரண்டு மாதம் அப்படியே கணக்குப் போட்டது. மூன்றாவது மாதம் ஒரு தொழிலாளி, பள்ளிக் கொப்பியின் கடைசித் தாளில் பென்சிலால் கூட்டிப் பார்த்த கணக்கோடு அலுவலகத்துக்கு வந்து நின்றார். அந்தத் தாள் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. நீங்கள் எழுதுகிற மென்பொருள் அந்தத் தாளுக்குப் பதிலாக வரப்போவது. அதனால்தான் இவ்வளவு நீளமாக உங்களுக்கு எழுதுகிறேன்.

இடைவெளி என்பது வெறும் அழகு சம்பந்தப்பட்டது என்று உங்களில் யாராவது சொன்னால், 2014 பெப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் அவசரமாக ஐபோன்களுக்கு அனுப்பிய திருத்தத்தைச் சொல்லுங்கள். பாதுகாப்பான இணைப்பில் எதிரே இருக்கும் தளம் உண்மையானதுதானா என்று சோதிக்கும் பகுதியில், நிபந்தனை ஒன்றின் கீழே, தோல்வி என்றால் வெளியே குதி என்ற ஒரு வரி இருந்தது. அதே வரி அதன் கீழே இன்னொரு முறை, தவறுதலாக, அதே உள்தள்ளலோடு விழுந்திருந்தது. எந்த வரிகள் நிபந்தனைக்குள் என்று வளைத்துக் காட்டும் நெளிவு அடைப்புக்குறி இல்லாததால் நிபந்தனை முதல் வரியை மட்டுமே கட்டுப்படுத்தியது. இரண்டாவது வரி எந்த நிபந்தனையும் இல்லாமல் ஒவ்வொரு முறையும் ஓடி, மீதிச் சோதனை முழுவதையும் தாண்டிக் குதித்துவிட்டது. கையொப்பம் சரிபார்க்கப்படவே இல்லை. இரண்டு வரிகளும் ஒரே மட்டத்தில் நின்றதால், பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் நிபந்தனைக்குள் இருப்பது போலவே தெரிந்தது. உள்தள்ளலைத் தானாகச் சீர்செய்கிற கருவி அந்தக் கோப்பின் மீது ஒரு தடவை ஓடியிருந்தால், இரண்டாவது வரியை இடப்பக்கம் இழுத்துப் போட்டிருக்கும். பார்த்தவுடன் உறுத்தியிருக்கும். நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றித் தரும் ஜிசிசி தொகுப்பியின் 2016இல் வந்த 6ஆம் பதிப்பு, ஏமாற்றுகிற உள்தள்ளலைக் கண்டால் எச்சரிக்கை தரத் தொடங்கியது.

சரி, எப்படி ஒத்துப்போவது?

என் அம்மா டிக்கோயாப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். சிறுமியாக நான் தேநீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனால், அவர் செடியின் மேல் மட்டக்கம்பைக் கிடத்துவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கம்புக்கு மேலே தலை நீட்டியதைப் பறிப்பார், கீழே இருப்பதை விட்டுவிடுவார். அவ்வளவுதான். இடுப்பளவு உயரமுள்ளவரும் தோளுயர்ந்தவரும் ஒரே நிரையில் நின்று பறித்தாலும் செடி மேசை போல மட்டமாக இருக்கும். கம்பு இல்லாமல் கண் மதிப்பில் பறித்தால் ஒவ்வொருவர் மட்டமும் ஒவ்வொரு மாதிரி. பிறகு கங்காணி சத்தம் போட வேண்டும், சத்தம் கேட்டவர் மனம் சுளிக்க வேண்டும். கம்பு யாரையும் திட்டாது. யாருடைய கையில் இருந்தாலும் ஒன்றையேதான் சொல்லும். அம்மாவுக்குக் கம்பின் மேல் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

உங்கள் ஐவரிடமும் இப்போது கம்பு இல்லை, ஐந்து கங்காணிகள் இருக்கிறீர்கள். ஒருவரை ஒருவர் இடைவெளிக்காகக் கண்டிக்கும் வேலையை இன்றோடு மனிதர்களிடமிருந்து எடுத்துவிட வேண்டும். எழுதுவதை எழுதுங்கள், கோப்பைச் சேமிக்கும்போது ஒரு கருவி அதை மட்டப்படுத்தட்டும். கோ மொழி 2009இல் வெளிவந்தபோதே அப்படி ஒரு கருவியைச் சேர்த்தே தந்தார்கள். அந்த மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் 2015இல் ஒரு கூட்டத்தில் சொன்னதன் சாரம் இது: அந்தக் கருவி தரும் வடிவம் எவருக்கும் மிகப் பிடித்தது என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தக் கருவி எல்லோருக்கும் மிகப் பிடிக்கும். பதினெட்டு ஆண்டு வேலைக்குப் பிறகு நானும் அதை அப்படியே ஏற்கிறேன்.

பைதனுக்குப் பிளாக் என்ற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். லூகாஷ் லாங்கா 2018இல் வெளியிட்டது. ஒரு வரிக்கு 88 எழுத்து, நான்கு ஸ்பேஸ், இரட்டை மேற்கோள்குறி. ஜாவாஸ்கிரிப்டுக்கு 2017இல் வந்த பிரிட்டியர்: 80 எழுத்து, இரண்டு ஸ்பேஸ், அதற்கும் இரட்டை மேற்கோள்குறி. பைதனில் நான்கும் ஜாவாஸ்கிரிப்டில் இரண்டும் என்றால் ஒருமைப்பாடு எங்கே என்று உங்களில் ஒருவர் நிச்சயம் கேட்பார். ஒவ்வொரு மொழிக்கும் அதன் வழக்கம் உண்டு. வெளியிலிருந்து வருகிறவர் அந்த வழக்கத்தைத்தான் எதிர்பார்த்து வருவார். உங்களை எதிர்பார்த்து எவரும் பழகிவிட்டு வருவதில்லை.

இந்தக் கருவிகளின் அமைப்புகளில் கை வைக்காதீர்கள். 88ஐ 100 ஆக்கலாமா, ஒற்றை மேற்கோளுக்கு மாற்றலாமா என்று ஆரம்பித்தால் பழைய சண்டை வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். தோட்டத்துக் கோயில் கமிட்டிக் கூட்டங்களுக்குப் போயிருப்பீர்கள். புதிய தண்ணீர்க் குழாய்த் திட்டம் பத்து நிமிடத்தில் நிறைவேறும், கோபுரத்துக்கு என்ன நிறம் என்பதில் இரவு பதினொரு மணி ஆகும். நிறத்தைப் பற்றி எல்லோருக்கும் கருத்து இருக்கிறது, குழாயின் அளவைப் பற்றி இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு விதிக்கும் வாக்கெடுப்பு வைக்காதீர்கள். ஒரே ஒரு கேள்விக்கு வையுங்கள்: கருவி சொல்வதை நாம் அப்படியே ஏற்கிறோமா, இல்லையா?

ஒரு விலக்கு மட்டும் எனக்குச் சம்மதம். டேப் வைக்கிற உங்கள் நண்பர் ஏன் டேப் வைக்கிறார் என்று என்றாவது கேட்டீர்களா? பழக்கம் என்றால் விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். ஆனால் டேப்பின் அகலத்தை ஒவ்வொருவரும் தம் எடிட்டரில் தம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். பார்வை குறைந்தவர்கள், எழுத்தை மிகப் பெரிதாக்கிப் படிப்பவர்கள் பலருக்கு அது பெரிய உதவி. அப்படி ஒருவர் உங்களோடு இருந்தால் பிரிட்டியரில் டேப் என்று ஒரு சொல் மாற்றிவிடுங்கள், அதற்கு மேல் விவாதமே வேண்டாம். பைதன் பகுதியில் இரண்டையும் கலப்பதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். அங்கே உள்தள்ளல்தான் இலக்கணம். டேப்பும் ஸ்பேஸும் குழப்பமாகக் கலந்தால் பைதன் 3 பிழை சொல்லி ஓட மறுத்துவிடும்.

இனி அந்த இரவுக்கார நண்பர். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஊர் தூங்குகிற நேரத்தில் சம்பளமில்லாமல் உட்கார்ந்து கோப்பு கோப்பாகச் சீர்செய்கிறவர் அந்த வேலையை நேசிக்கிறவர். ஆனால் காலையில் தன் கோப்பைத் திறக்கிறவருக்கு, தன் வீட்டுக்குள் யாரோ வந்து சாமான்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனது போல இருக்கும். இதைக் குழுவின் முன் சொல்லாதீர்கள், தனியாக ஒரு தேநீர்க் கடையில் வைத்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கருவியைப் பொருத்துகிற பொறுப்பை அவரிடமே கொடுங்கள். ஒழுங்கின் மீது இவ்வளவு அக்கறை உள்ளவர் அதை உங்கள் எல்லோரையும் விடச் செம்மையாகச் செய்வார். அவருடைய இரவுகளும் மிச்சமாகும்.

பழைய நிரலை மாற்றுகிற நாள் ஒன்றை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். இதில் கவனமாக இருங்கள், இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கவ்வாத்து வெட்டுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். இங்கே ஒரு செடி, அங்கே ஒரு செடி என்று வெட்ட மாட்டார்கள். ஒரு நம்பர் மலையை எடுத்தால் அந்த மலை முழுவதும் வெட்டுவார்கள், வெட்டுகிற அன்று அந்த மலையில் கொழுந்து எடுப்பதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். நிலுவையில் இருக்கும் இணைப்புக் கோரிக்கைகளை, அதாவது சேர்க்கச் சொல்லி வந்து காத்திருக்கும் மாற்றங்களை, முதலில் சேர்த்து முடியுங்கள், அல்லது காத்திருக்கச் சொல்லுங்கள். பிறகு கருவியை எல்லாக் கோப்புகளின் மீதும் ஓட்டி ஒரே கமிட்டாக, அதாவது கிட்டில் ஒரே பதிவாகப் போடுங்கள். அந்தக் கமிட்டில் கருவி செய்ததைத் தவிர ஓர் எழுத்துகூட இருக்கக் கூடாது. கண்ணில் பட்ட பிழையைக் கூடவே திருத்திவிடலாம் என்ற ஆசை வரும். என் 1,400 வரியை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாக் கருவி தான் மாற்றிய நிரலின் இலக்கண அமைப்பு பழையதோடு ஒத்திருக்கிறதா என்று தானே சரிபார்க்கும். மனிதர் கை பட்ட மாற்றத்துக்கு அந்தக் காவல் இல்லை.

அப்படி ஒரே கமிட்டாகப் போட்டால், யார் எந்த வரியை எழுதினார் என்ற வரலாறு அழிந்துவிடுமே என்று உங்களில் மூத்தவர் கவலைப்படுவார். ஒவ்வொரு வரிக்கும் கருவியை ஓட்டியவர் பெயர் காட்டும் என்பது உண்மைதான். 2019இல் வந்த கிட் 2.23 பதிப்பிலிருந்து அதற்கு வழி இருக்கிறது. புறக்கணிக்க வேண்டிய கமிட்டுகளின் எண்களை ஒரு கோப்பில் எழுதிவைத்தால், எந்த வரியை யார் எழுதினார் என்று சொல்லும் பிளேம் கட்டளை அவற்றைத் தாண்டி, உண்மையில் எழுதியவரைக் காட்டும். நிரல்களை ஏற்றிப் பகிரும் கிட்ஹப் தளமும் அந்தக் கோப்பை மதிக்கிறது. கவ்வாத்துக் கமிட்டின் எண்ணை அன்றே அதில் எழுதிவிடுங்கள்.

சின்ன விஷயங்கள் சில. எடிட்டர்கான்ஃபிக் என்ற சிறிய கோப்பு ஒன்றைத் திட்டத்தின் மேல்மட்டத்தில் வையுங்கள். எத்தனை ஸ்பேஸ், எந்த எழுத்துக் குறியாக்கம், வரி முடிவு எது என்பதை அது எடிட்டருக்குச் சொல்லிவிடும். உங்களில் யாராவது விண்டோஸிலும் மற்றவர் லினக்ஸிலும் எழுதினால், வரியின் முடிவில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு குறி கூடிக் குறைந்து, தொடாத கோப்பு முழுவதும் மாறியதாகத் தெரியும். கிட்டின் பண்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் அது நின்றுவிடும். கருவியின் பதிப்பு எண்ணையும் எழுதிப் பூட்டுங்கள். பிளாக் தன் வடிவத்தை ஆண்டுக்கு ஒரு முறை கொஞ்சம் மாற்றும், உங்களில் இருவர் இரு பதிப்பு வைத்திருந்தால் இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே இருக்கும். கமிட் போடுவதற்கு முன்பே தம் கணினியில் கருவி தானாக ஓடும்படியும் வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் மஸ்கெலியாவில் கைபேசி டேட்டாவை நம்பி வேலை செய்கிறவர், கிட்ஹப்பில் ஏற்றி, அங்கே சோதனை முடிந்து, இடைவெளி தவறு என்று பதில் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

தமிழ் எழுத்து உள்ள கோப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதை ஆங்கில வழிகாட்டிகளில் நீங்கள் காண மாட்டீர்கள். ஸ்ரீ என்ற ஓரெழுத்து நம் கண்ணுக்கு ஒன்று, கணினி எழுத்துகளுக்கான யுனிகோடு முறையில் நான்கு குறிகள், சேமிக்கும்போது 12 பைட். ஆகவே ஒரு வரி 88ஐத் தாண்டிவிட்டதா என்று கருவி எண்ணுவதும் நாம் எண்ணுவதும் ஒன்றாக இருக்காது. அதற்காகக் கலங்க வேண்டாம், கருவி எண்ணட்டும். ஆனால் தமிழ்ச் சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, பக்கத்தில் விலைகளையோ குறிப்புகளையோ ஸ்பேஸ் தட்டி நேர்க்கோட்டில் நிறுத்தப் பார்க்காதீர்கள். லகரமும் ணகரமும் ஒரே அகலம் உடையவை இல்லை. உங்கள் திரையில் நேராக நிற்பது இன்னொருவர் திரையில் கோணலாகத்தான் நிற்கும், அவர் அதைத் திருத்துவார், நீங்கள் மறுபடி திருத்துவீர்கள். இன்னொன்று: கொ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று. கொழுந்து என்று தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காமல் போகலாம். உரைகளை எல்லாம் யுனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இப்படிப்பட்டவற்றை ஒரே குறியாகச் சேர்த்து வைக்கும் வடிவத்துக்கு, மாற்றிச் சேமிக்க ஒரு சிறு சோதனையை நீங்களே எழுதிச் சேருங்கள், பிளாக்கும் பிரிட்டியரும் அதைச் செய்து தர மாட்டா. திரையில் காட்டும் தமிழ், சிங்கள வாசகங்களை நிரலுக்குள் புதைக்காமல் மொழிபெயர்ப்புக் கோப்புகளில் தனியாக வைத்தால் பாதிச் சிக்கல் வராது.

இவ்வளவும் முடிந்தால், உங்கள் வாதத் திறமைக்கு உரிய இடம் கடைசியில் வெளியே வரும். பெயர்கள். உங்கள் திட்டத்தை நான் திறந்து பார்க்கவில்லை, ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன். அரைப்பேர், அதாவது சொன்ன கிலோ வராத நாளுக்குப் போடும் பாதிச் சம்பளம், என்பதை நிரலில் என்ன பெயரிட்டு வைத்திருக்கிறீர்கள்? ஒருவர் அரை நாள் என்று எழுதியிருப்பார், ஒருவர் அரைச் சம்பளம் என்று. தொழிலாளி காலையிலிருந்து மாலைவரை மலையில் நின்றிருப்பார், சொன்ன கிலோ வராததால் அரைப்பேர் விழுந்திருக்கும். அவர் வேலை செய்தது முழு நாள். அதை நிரலில் அரை நாள் என்று பெயரிட்டால், நாளைக்கு வேலை நாட்களைக் கூட்டுகிற இன்னொருவர் அந்தப் பெயரை நம்பி அரை நாளாகவே கூட்டுவார். எந்தக் கருவியும் இதைப் பிடிக்காது. இதற்குத்தான் ஐந்து பேரும் உட்கார்ந்து சண்டை போட வேண்டும். உங்கள் அம்மாக்களையும் கூப்பிட்டு வைத்துக் கேளுங்கள், அவர்களுக்கு உங்களை விட நன்றாகத் தெரியும்.

இனி அந்தத் தங்கை.

நான் முதன்முதலில் ஒரு திறந்த மூலத் திட்டத்துக்கு அனுப்பியது ஏழே வரி. அனுப்புவதற்கு முன் நான்கு நாள் தயங்கினேன். நான் யார், என் ஆங்கிலம் என்ன, லயத்துப் பிள்ளை எழுதியதை அவர்கள் படிப்பார்களா என்றெல்லாம் யோசித்தேன். முகம் தெரியாத ஒருவர் மறுநாள் அதைச் சேர்த்துக்கொண்டு, வரிகளின் இடைவெளியைத் தானே சரிசெய்துவிட்டதாகவும், நான் கண்டுபிடித்த பிழை உண்மையான பிழை என்றும் இரண்டு வரி எழுதியிருந்தார். அந்த இரண்டு வரிதான் என்னை இந்தத் தொழிலில் நிறுத்தியது. பதுளையில் அந்தத் தங்கைக்கு இரண்டுக்குப் பதில் பத்தொன்பது வந்திருக்கிறது. அவர் எழுதிய கணக்கு சரியா என்று உங்களில் எவராவது ஓட்டிப் பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கருவியைப் பொருத்தி முடித்த அன்று முதல் வேலையாக அவருடைய பழைய கோரிக்கையைத் திறங்கள். 41 வரிகளையும் ஓட்டிப் பாருங்கள், அவை என்ன செய்கின்றன என்று ஐந்து பேரும் படியுங்கள். கணக்கு சரியாக இருந்தால் நீங்களே கருவியில் போட்டு மட்டப்படுத்தி இணைத்துவிடுங்கள். எழுதியவர் பெயரையும் இணைத்தவர் பெயரையும் கிட் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவருக்கு எழுதுங்கள். அந்த 19 குறிப்புகளுக்கு வருந்துகிறோம், இனி அந்த வேலையைக் கருவி பார்த்துக்கொள்ளும், உங்கள் வரிகள் உள்ளே வந்துவிட்டன, அவற்றைப் பற்றி எங்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறது என்று. அந்தக் கேள்வி கணக்கைப் பற்றியதாக இருக்கட்டும்.